அக்காவைப் போல இரு என்றார்கள்

எனக்கு மாரடைப்பு வந்த அன்று நான் யார்மீதும் கோபப்படவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் எங்கள் சொந்தக்காரர்கள் மத்தியில் இன்றுவரை உலவும் கதை வேறு. துறைமுக யார்டில் நின்று யாரையோ கிழி கிழியென்று கிழித்துக்கொண்டிருந்தபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தேன் என்று சொல்கிறார்கள். சொல்கிறவர்களில் ஒருவர்கூட அங்கே இல்லை. இருந்தவள் நான்.

தூத்துக்குடித் துறைமுகத்தில் ஒரு கிளியரிங் ஏஜென்சியில் எனக்கு வேலை. கப்பலில் வந்து இறங்கும் கண்டெய்னர்களுக்குச் சுங்கத்தில் காகிதம் முடித்து, லாரியில் ஏற்றி, உரிய இடத்துக்கு அனுப்பிவைப்பது. நான் சேர்ந்த காலத்தில் அந்த வேலையில் பெண்கள் அநேகமாக இல்லை. சத்தம் போடாத பெண்ணை யார்டு வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். சத்தம் போட்டால் உள்ளே விடுவார்கள், பின்னாலிருந்து "அந்தம்மா ஒரு மாதிரி" என்பார்கள். எனக்கு உள்ளே போக வேண்டியிருந்தது. கல்யாணம் வேண்டாம் என்று வீட்டில் சொன்னதும் அதே குரலில்தான். ஐம்பதைத் தாண்டியும் தனியாக, சொந்தச் சம்பாத்தியத்தில், கடற்கரைச் சாலைக்குப் பின்னால் ஒரு சின்னக் குடியிருப்பின் மாடியில் இருக்கிறேன்.

அன்றைக்கு முந்திரிக்கொட்டை வந்த கண்டெய்னர்கள். மதியத்துக்கு முன்பே எல்லாம் விடுபட்டுவிட்டன. அப்படி ஒரு நாள் அமைவது அபூர்வம். தகரக் கொட்டகை நிழலில் டீயோடு உட்கார்ந்திருந்தோம். டிரெய்லர் ஓட்டும் அண்ணாச்சி ஒருவர், குஜராத்தில் வழி தவறிப்போய் யாரோ வீட்டுக் கல்யாண ஊர்வலத்துக்கு நடுவில் வண்டியை நுழைத்துவிட்ட கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். சிரிப்பு அடங்குவதற்குள் தாடை வலிக்கத் தொடங்கியது. இரும்பைக் கடித்தது போன்ற வலி. அது இறங்கி இடது தோளுக்கு வந்தது. அந்த வெயிலில் உடம்பெல்லாம் குளிர்ந்து வேர்த்தது.

"ஏளா தங்கச்சி, மூஞ்சி என்ன இப்படி வெளுக்கு?" என்றார் அண்ணாச்சி.

"வாயுவா இருக்கும். ஒரு சோடா வாங்கிட்டு வாங்கலே," என்றார் யார்டு சூப்பர்வைசர்.

"இஞ்சி மொரப்பா இருக்கு, திங்கீங்களா? கொஞ்ச நேரம் காத்தாட இருந்தா சரியாப் போவும்," என்றார் இன்னொருவர்.

கோபம் அப்போதுதான் வந்தது. "சோடாவும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம். வண்டிய எடுங்க. நேரா ஆஸ்பத்திரிக்கு."

"கொஞ்சம் இருந்து பாப்பமே மேடம்..."

"இருந்தா செத்துருவேன்! எடுங்கன்னா எடுங்க!"

அந்தக் கத்தலுக்கு யாரோ கார் சாவியோடு ஓடி வந்தார்கள். நேரத்தோடு வந்து சேர்ந்ததால் இதயத் தசை பெரிதாகக் கெடவில்லை என்று டாக்டர் பிறகு சொன்னார். அடைப்பை எடுத்து ஸ்டென்ட் வைத்தார்கள். கோபத்தால் விழுந்தேன் என்கிறார்களே, அந்தக் கோபத்தால்தான் பிழைத்தேன் என்று அன்றே எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் வார்டில் படுத்திருக்கும் நோயாளி சொல்வதை யார் கேட்கிறார்கள்?

மறுநாள் காலையில் திருச்செந்தூரிலிருந்து என் அக்கா வந்தாள். அத்தானுக்குக் கோயில் பக்கம் கருப்பட்டியும் பனங்கற்கண்டும் விற்கும் கடை. அக்காவுக்கு வேலை வீட்டில். வீடு என்று பேர்தானே தவிர அது ஒரு சத்திரம். முருகனைப் பார்க்க வருகிற சொந்தபந்தம், சொந்தத்துக்குச் சொந்தம், கடைக்குச் சரக்கு போடுகிறவர் குடும்பம் என்று யாராவது பாய் விரித்துப் படுத்திருப்பார்கள். அக்கா எல்லாருக்கும் ஆக்கிப் போடுவாள். முகம் சுளித்து நான் பார்த்ததில்லை. அவள் வாயிலிருந்து அதிகமாக வரும் சொல் "சரி".

கோயிலிலிருந்து கொண்டுவந்த பன்னீர் இலை விபூதியை என் நெற்றியில் பூசிவிட்டு, கட்டிலோரம் உட்கார்ந்து என் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள். சுற்றிலும் எங்கள் சித்தியும் மற்றப் பெண்களும்.

"நேரத்துக்கு ஒரு கல்யாணம் பண்ணியிருந்தா இந்தக் கோவமெல்லாம் அடங்கியிருக்கும்," என்றாள் சித்தி. "நீயும் அவளும் ஒரு வயித்துல பொறந்தவதான? அவளுக்கு வந்துச்சா பாத்தியா? இனிமேலாவது அக்கா மாதிரி இருந்து பழகு."

"அவள ஒண்ணும் சொல்லாதீங்க சித்தி, நேத்துதான் பொழச்சு வந்திருக்கா," என்றாள் அக்கா. அதையும் சித்தி மனம் கோணாதபடி சிரித்துக்கொண்டே சொன்னாள்.

ஒருவர் சொன்னால் விட்டுவிடலாம். வந்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள். ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்தவர், ஆப்பிளோடு வந்தவர், வெறுங்கையோடு வந்தவர், எல்லாரும் அக்காவைப் போல இரு என்றார்கள். வீட்டுக்கு அனுப்புகிற அன்று ஆஸ்பத்திரியின் ஆலோசகர் பெண் வந்தாள். நல்ல பெண். உப்பு, எண்ணெய், நடை, மாத்திரை எல்லாம் பொறுமையாகச் சொன்னாள். கடைசியில், "முக்கியமா கோபத்தக் குறைக்கணும் மேடம். எதுவா இருந்தாலும் சரின்னு ஏத்துக்கப் பழகணும்," என்றாள்.

"எல்லாத்துக்கும் சரின்னா, வெளிய போனா ஊறுகாய வைப்பாங்க. அதுக்கும் சரியா? கோவத்தக் குறைச்சுட்டா இந்த உப்ப யாரு குறைப்பா?" என்று கேட்டேன்.

பின்னால் நின்ற டாக்டர் சிரித்துவிட்டார். ஆனால் அவரும் என்னை விடவில்லை. "கத்தினா பிரஷர் ஏறும். அது உண்மை. உங்க இதயத்துக்கு அது ஆகாது," என்றார். "வேண்டாம்னு சொல்றதுக்குக் கத்தணும்னு இல்லையே."

அதை நான் யோசித்துப் பார்த்தேன். யோசிக்க நிறைய நேரம் இருந்தது. கத்துவது வேறு, மறுப்பது வேறு. முதலாவதை விட்டுத்தருகிறேன், இரண்டாவதைத் தரமாட்டேன் என்று முடிவு செய்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

பிறகு நான் வாழ்ந்த விதத்தைச் சண்டை என்றுதான் சொல்ல வேண்டும், சத்தமில்லாத சண்டை. எனக்கு மதியச் சாப்பாடு அனுப்பும் மெஸ்காரரிடம் உப்பும் எண்ணெயும் பாதியாகக் குறைக்கச் சொன்னேன். தலையாட்டிவிட்டு எப்போதும் போல அனுப்பினார். ஒரு வாய் வைத்துவிட்டு கேரியரை மூடித் திருப்பி அனுப்பினேன். மறுநாளும் அப்படியே. அதற்கடுத்த நாள் அவரே போன் செய்து, "ஒங்க ஒருத்திக்காவ தனிச் சட்டி வைக்க வேண்டியிருக்கு," என்று அலுத்துக்கொண்டார். "வையுங்க அண்ணாச்சி," என்றேன். வைத்தார்.

ஆபீசில் கப்பல் கம்பெனிக்காரர்கள் கொண்டுவரும் மக்ரூன் பெட்டி என் மேசைக்கு வந்தால் அப்படியே அடுத்த மேசைக்குத் தள்ளுவேன். எங்கள் ஊரில் பிறந்து மக்ரூனைத் தள்ளுவது லேசான காரியமில்லை. வாயில் போட்டதும் கரையும் அந்த முந்திரி இனிப்பின் வாசனை மூக்கில் ஏறும்போது எனக்குள் ஒரு பிடிவாதம் எழும். 'என்னை ஜெயிச்சிரலாம்னு பாக்கியா?' என்று மனசுக்குள் அதனிடம் கேட்பேன். கல்யாண வீட்டில் பாயசத்தை மறுத்தபோது, திமிர் என்றார்கள். இருக்கட்டும். விடியற்காலையில் கடற்கரைச் சாலையில் தனியாக நடந்தபோது, ஆம்பளை மாதிரி வீசி நடக்கிறாள் என்றார்கள். இன்னும் கொஞ்சம் வீசி நடந்தேன்.

பயம் இல்லாமல் இல்லை. தனியாக இருக்கும் வீடு. கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளே கிடந்தால் யார் வந்து பார்ப்பது? அதனால் கீழ்வீட்டில் இருந்த அம்மாவிடம் ஒரு சாவியைக் கொடுத்துவைத்தேன். கடலோரக் கத்தோலிக்கக் குடும்பம், பள்ளிக்கூட டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். கப்பலில் வேலை பார்த்த கணவர் இறந்துவிட்டார். பிள்ளைகள் வெளிநாட்டில். அவருக்குச் சர்க்கரை வியாதி. "நீ எழும்பலன்னா நான் வந்து பாப்பேன், நான் எழும்பலன்னா நீ வந்து பாரு," என்று சொல்லிச் சாவியை வாங்கிக்கொண்டார்.

அந்த ஐப்பசியில் கந்த சஷ்டி வந்தது. அக்கா வீட்டில் கூட்டம் சொல்லி முடியாது. அக்கா தானும் விரதம் இருந்துகொண்டு அத்தனை பேருக்கும் ஆக்கினாள். மாடிக்கும் கீழுக்கும் ஏறி இறங்கினாள். நெஞ்சில் ஏதோ கல்லைத் தூக்கிவைத்த மாதிரி இருந்திருக்கிறது. சொல்லவில்லை. சூரசம்ஹாரம் முடிந்து கடைசி விருந்தாளியும் ஆட்டோ ஏறிய பிறகுதான் அத்தானிடம், "ஏங்க, எனக்கு ஒரு மாதிரியா இருக்கு," என்றாளாம்.

அவளுக்கும் ஸ்டென்ட் வைத்தார்கள். நான் படுத்திருந்த அதே வார்டு. அதே சித்தி வந்தாள். "நல்லவளுக்குத்தான் சோதனை வரும்," என்றாள். எனக்கு வந்தபோது அது என் கோபம். அக்காவுக்கு வந்தபோது அது கடவுளின் சோதனை. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அக்கா கண்ணாலேயே என்னைக் கெஞ்சினாள்.

"இவளுக்கு ஒரு கவலையும் இல்ல," என்றார் அத்தான். "சொன்ன பேச்சு கேப்பா. டாக்டர் சொன்னதெல்லாம் அப்படியே செஞ்சிருவா."

எல்லாருக்கும் அந்த நம்பிக்கை இருந்தது. எனக்கு மட்டும் இல்லை. அக்கா சொன்ன பேச்சு கேட்பாள், உண்மைதான். யார் சொன்னாலும் கேட்பாளே!

தை பிறந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை திருச்செந்தூர் போனேன். நான் போன நேரம் பக்கத்து வீட்டுப் பெண் ஒரு தட்டு நிறைய அதிரசத்தோடு வந்தாள். மகளுக்கு வளைகாப்பாம். அக்கா எடுத்து ஒன்றைத் தின்றாள். இன்னொன்று என்றபோது அதையும் தின்றாள். பக்கத்து வீட்டுப் பெண் போனதும், "எக்கா, என்ன காரியம் பண்ணுத?" என்றேன்.

"அவ ஆசையா கொண்டு வாரா. எப்படிளா வேண்டாம்னு சொல்ல?"

"வேண்டாம்னுதான் சொல்லணும். நடக்கியா?"

"அத்தான் வேண்டாங்காவ. வெயில்ல அலையாத, வீட்ல ரெஸ்ட் எடுங்காவ."

"மாத்திரை?"

அவள் அதிரசத் தட்டை எடுத்து மூடிவைத்தாள். அலமாரியைத் திறந்தேன். மற்ற மாத்திரைகள் குறைந்திருந்தன. ஸ்டென்ட்டில் ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுத்த மாத்திரை மட்டும் பிரிக்காத அட்டையாக இருந்தது. அத்தானின் ஒன்றுவிட்ட அண்ணன் வந்திருந்தாராம். இங்கிலீஷ் மாத்திரை ரத்தத்தைத் தண்ணியாக்கிவிடும், அதை நிறுத்திவிட்டு மருதம்பட்டைக் கஷாயம் குடி என்று சொல்லி, பட்டையும் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனாராம்.

"நீ என்ன சொன்ன?"

"சரின்னேன். பெரியவரு, நம்ம மேல உள்ள அக்கறையிலதான சொல்லுதாரு..."

நான் கத்தினேன். கத்துவதில்லை என்று எடுத்த முடிவெல்லாம் காற்றில் போயிற்று. மாத்திரையைப் பிரித்துக் கையில் கொடுத்து, என் கண்முன்னால் விழுங்கவைத்தேன். "இனிமே நிறுத்தமாட்டேன்னு சொல்லு," என்றேன்.

"சரிளா," என்றாள்.

அந்தச் 'சரி' என்னை நடுங்க வைத்தது. அதிரசத்துக்குச் சொன்ன அதே சரி. கஷாயத்துக்குச் சொன்ன அதே சரி. நான் பஸ் ஏறிய பிறகு அந்த வீட்டுக்குள் அடுத்தாற்போல யார் வந்து எதைச் சொன்னாலும் என்னுடையது போய் அவருடையது வந்துவிடும். தினமும் போனில் கேட்டேன். போட்டுக்கொண்டேன் என்றாள். கொஞ்ச நாள் அது உண்மையாகவும் இருந்தது.

மாசியில் அவள் மகனுக்கு நிச்சயதார்த்தம். பெண் வீடு தூத்துக்குடியில், அதனால் இங்கேயே ஒரு மண்டபம். அக்கா பட்டுச்சேலையில் வாசலில் நின்று வந்தவர்களை எல்லாம் கும்பிட்டுக்கொண்டிருந்தாளாம். நான் கொஞ்சம் தாமதமாகப் போனேன். தட்டு மாற்ற எல்லாரும் உட்கார்ந்தாயிற்று. அக்கா சிரித்த முகமாக உட்கார்ந்திருந்தாள். ஆனால் மேலுதட்டில் வேர்வை. ஏசி ஓடும் மண்டபத்தில் வேர்வை. ஒரு கை தாம்பாளத்தில். இன்னொரு கை நாற்காலிப் பிடியை இறுக்கிக்கொண்டிருந்தது. விரல் மூட்டுகள் வெளுத்திருந்தன.

எனக்கு அது புரிந்துவிட்டது. அந்த வேர்வை எப்படிக் குளிரும் என்று என் உடம்புக்குத் தெரியும். நேராக மேடைக்குப் போய் அவள் முன்னால் குனிந்தேன்.

"எக்கா, வலிக்கா?"

"ஒண்ணுமில்லளா. தட்டு மாத்திட்டு வாரேன்." சிரித்துக்கொண்டே சொன்னாள். குரல் காற்றாக வந்தது.

தாம்பாளத்தை அவள் கையிலிருந்து வாங்கிக் கீழே வைத்தேன்.

"என்ன பண்ணுத நீ?" என்று அத்தான் எழுந்துவிட்டார். "சபையில மானத்த வாங்காத. பத்து நிமிசத்துல முடிஞ்சிரும்."

"தட்டெடுக்கும்போது தடங்கல் பண்ணுதாளே, இது நல்லதுக்கா?" என்று சித்தியின் குரல் பின்னாலிருந்து வந்தது.

"மானம் கெடக்கட்டும் அத்தான். அவ மூஞ்சியப் பாருங்க. பாத்துட்டுச் சொல்லுங்க, பத்து நிமிசம் தாங்குமான்னு!" துறைமுகத்தில் கிரேன் சத்தத்தை மீறிக் கேட்க வைக்கும் குரல் அது. மண்டபத்தில் எல்லாரும் எழுந்து நின்றார்கள். அப்போதுதான் அத்தான் அக்காவின் முகத்தைப் பார்த்தார். மாப்பிள்ளையாக உட்கார்ந்திருந்த அவள் மகன் மாலையைக் கழற்றி எறிந்துவிட்டு அவளைத் தூக்கினான்.

ஸ்டென்ட்டுக்குள் ரத்தம் உறைந்து மறுபடியும் அடைத்திருந்தது. "மாத்திரையை நிறுத்தினாங்களா?" என்று டாக்டர் கேட்டார். நிறுத்தியிருந்தாள். கல்யாணப் பேச்சுக்கு வந்த அந்தப் பெரியவர் மறுபடியும் கஷாயத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறார். நிச்சயம் நல்லபடியாக முடியட்டும், அதுவரை அவர் மனதை ஏன் நோகடிக்க வேண்டும் என்று நினைத்தாளாம். பிழைத்துக்கொண்டாள். ஆனால் இதயத்தின் ஒரு பகுதி வேலை செய்வதை நிறுத்திவிட்டது. அது இனி திரும்பாது என்றார்கள்.

அந்த நிச்சயம் பிறகொரு நாள் எளிமையாக நடந்தது, கல்யாணமும் நடந்தது. என்னை அபசகுனம் என்று சொன்னவர்கள் பந்தியில் முதல் வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். நான் பரிமாறினேன்.

அதற்கெல்லாம் முன், ஆஸ்பத்திரியிலிருந்து அக்காவை நேராக என் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தேன். அத்தான் மறுத்தார். அவரிடம் கெஞ்சவெல்லாம் இல்லை. காரை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று டிரைவரிடம் நான் சொன்னேன், அவ்வளவுதான்.

அவளை மாற்றிவிடுவதென்று இறங்கினேன். 'வேண்டாம்' என்று சொல்லப் பழக்கினேன். சிரிக்காதீர்கள். சாப்பாட்டு மேசையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்து, நான் பக்கத்து வீட்டுக்காரியாக நடிப்பேன். "அதிரசம் எடுத்துக்கங்க மைனி," என்பேன். அக்கா, "வேண்..." என்று தொடங்கி, "ஒண்ணே ஒண்ணு போதும்," என்று முடிப்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மறுபடியும் நடத்துவேன். மறுபடியும் அதே.

ஒரு மாலையில் அவள் எழுந்துவிட்டாள். கண் கலங்கியிருந்தது. ஆனால் குரல் நடுங்கவில்லை.

"என்னால ஒன்ன மாதிரி ஆவ முடியாதுளா. இந்த வயசுல எப்படி ஆவ? ஒன்ன அத்தன பேரு என்னய மாதிரி இரு, என்னய மாதிரி இருன்னு சொன்னாவள்லா. நீ ஆனியா?"

ஊர் என்னிடம் செய்ததை நான் அவளிடம் செய்துகொண்டிருந்தேன். என் குணத்தைத் தொடாதே என்று ஊரோடு மல்லுக்கு நின்றவள், அக்காவின் குணத்தைக் கழற்றி எறியப் பார்த்திருக்கிறேன். அவளுடைய 'சரி'யும் என் 'முடியாது' போலத்தான். எதையெதையோ தாங்குவதற்காக அவளாக வளர்த்துக்கொண்டது. அன்றோடு அந்த நாடகத்தை நிறுத்தினேன். அக்கா பாட்டுக்கு இரவுச் சாப்பாட்டுக்குப் பீர்க்கங்காய் அரிய உட்கார்ந்தாள்.

வழி கீழ்வீட்டிலிருந்து வந்தது, நான் தேடிப் போகவில்லை. அந்த டீச்சரம்மாவை டாக்டர்கள் காலையில் நடக்கச் சொல்லியிருந்தார்கள். நாய்க்குப் பயந்து போகாமல் இருந்தார். ஒரு நாள் படியேறி வந்து, "நீங்க கூட வந்தா நானும் ஒரு நடை நடந்துட்டு, அப்படியே மாதாகோயில்ல பூசையும் பாத்துட்டு வந்துருவேன். வாரீங்களா?" என்று அக்காவைக் கேட்டார்.

"சரி, வாரேன்," என்றாள் அக்கா.

மறுநாள் விடிவதற்கு முன்பே அக்கா தலை சீவி, பொட்டு வைத்து, செருப்பு மாட்டி நின்றாள். "டீச்சர் கீழ காத்துக்கிட்டு இருப்பாவ," என்றாள். அதற்கு முன் நான் நடக்கக் கூப்பிட்டபோதெல்லாம் இடுப்பு வலி, கால் வலி, நாளைக்குப் பார்ப்போம் என்றவள். மழை தூறிய ஒரு நாள், போக வேண்டாம் என்று நானே சொன்னேன். "சொல்லிட்டேன்லா, எப்படிப் போவாம இருக்க?" என்று குடையை எடுத்துக்கொண்டு இறங்கினாள். நடை முடிந்து, டீச்சரம்மா மாதாகோயிலுக்குள் பூசை பார்க்கும்வரை அக்கா வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள். பிறகு இருவரும் சேர்ந்து வருவார்கள். இந்த ஜென்மத்தில் யாரையும் காக்க வைத்தவள் அல்ல அவள்.

அதைப் பார்த்ததும் எனக்குப் பிடி கிடைத்தது. டீச்சரம்மா மாத்திரை போட மறந்துவிடுவார். "எக்கா, அவங்களுக்கு நீதான் ஞாபகப்படுத்தணும். நீ விட்டுட்டா அவங்க பாடு கஷ்டம்," என்றேன். அன்றிலிருந்து காலை பலகாரத்துக்குப் பிறகு அக்கா தன் மாத்திரை டப்பாவோடு கீழே இறங்குவாள். "நீங்க போட்டாத்தான் நான் போடுவேன்," என்று இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து விழுங்குவார்கள். தனக்காகச் செய் என்று சொன்னபோது ஒரு மாதம் தாங்காத காரியம், இன்னொருத்திக்காக என்றதும் இன்றுவரை தப்பவில்லை. இது பலவீனம் என்று யாராவது சொல்லட்டும், நான் பார்த்துக்கொள்கிறேன்.

இனிப்புக்கும் அவளாகவே ஒரு வழி கண்டாள். இரண்டு கையாலும் வாங்குவாள். "அடடா, நீங்களே செஞ்சதா?" என்று முகம் மலரக் கேட்பாள். கொடுத்தவருக்கு மனம் நிறைந்துவிடும். பிறகு அது வாட்ச்மேனுக்கோ துணி தேய்க்கிறவர் குழந்தைகளுக்கோ போய்ச் சேரும். 'வேண்டாம்' என்ற சொல்லை அவள் ஒருமுறைகூடச் சொல்லவில்லை. ஆனால் அவள் வாய்க்குள் சர்க்கரை போகவும் இல்லை. இது எனக்குத் தோன்றவே தோன்றாத வழி. நான் தள்ளிவிடும் தட்டை அவள் கும்பிட்டு வாங்கி வழியனுப்புகிறாள்.

இப்போது அக்கா திருச்செந்தூர் திரும்பிவிட்டாள். இதயம் பலவீனம்தான். மாடி ஏறுவதில்லை, பாத்திரம் தூக்குவதில்லை, விருந்தாளிகளுக்குப் பக்கத்து லாட்ஜில் அறை பிடித்துக் கொடுக்கிறார்கள். அது நான் அத்தானிடம் போட்ட நிபந்தனை. அங்கேயும் அவள் தெருவில் சர்க்கரை, பிரஷர் என்று உட்கார்ந்திருந்த நாலைந்து பெண்களைச் சேர்த்துக்கொண்டாள். தினமும் விடியலில் எல்லாரும் கடற்கரை மணலோரமாக நடக்கிறார்கள். அவள் போகாவிட்டால் மற்றவர்களும் போகமாட்டார்கள் என்பதால் அவள் போகாமல் இருப்பதில்லை. தினமும் காலையில் டீச்சரம்மாவுக்கு ஒரு போன். போனில் மாத்திரை விழுங்குகிறார்கள்.

போன வாரம் அத்தானே என்னைக் கூப்பிட்டார்.

"ஒங்க அக்கா இப்பல்லாம் என்னய மதிக்கவே மாட்டேங்கா," என்றார். "காலைல எழும்பிப் பாத்தா ஆளக் காணோம். காப்பி போட ஆளில்ல. கேட்டா, அவளுவ காத்துக்கிட்டு இருக்காளுவ, போயே ஆவணும்ங்கா. நீதான் அவளக் கெடுத்து அனுப்பியிருக்க."

"நான் ஒண்ணும் கெடுக்கல. அவ எப்பவும் போலத்தான் இருக்கா," என்றேன். "காப்பிய நீங்களே போடுங்க அத்தான்."

போனை வைத்துவிடுவார் என்று நினைத்தேன். வைக்கவில்லை. "போடத்தான் செய்யுதேன்," என்றார் தாழ்ந்த குரலில். "பால் பொங்கிருது. நடந்துட்டு வந்தவுடனே அவளுக்கும் ஒரு டம்ளர் வேணும்லா, சீனி இல்லாம."

அடுப்பைக் குறைத்து வைக்கச் சொன்னேன்.